வசனத்தில் இல்லாத அழுகை

"உங்க கணவர் அன்னைக்குக் காலையில எப்படி இருந்தார்?"

கேட்டவன் கண்ணாடி போட்ட பயிற்சி மாணவன். பதில் சொல்ல வேண்டியவள் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது பின்வரிசையில் இருந்த உதவியாளர் பெல்ட் அக்காவுக்கு முன்கூட்டியே தெரியும். மடியில் விரித்திருந்த தாளில் வசனம் அச்சடித்தே இருந்தது. 'நல்லாத் தூங்கினார். நல்லாச் சாப்பிட்டார். சிரிச்சுக்கிட்டே கிளம்பினார்.'

"சிரிக்கலை" என்றாள் அந்தப் பெண்.

பெல்ட் அக்கா தாளை ஒருமுறை பார்த்தாள். பக்கம் மாறிவிட்டதோ என்று புரட்டியும் பார்த்தாள். மாறவில்லை.

விமான விபத்துகளைத் துப்புத் துலக்க ஆட்களைப் பழக்கும் பள்ளி அது. முறிந்த இறக்கையைப் பார்த்து எப்படி முறிந்தது என்று சொல்லவும், கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் குரல்களைக் காது கொடுத்துக் கேட்கவும் மாணவர்கள் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். இன்று நடப்பது அவர்கள் எல்லோரும் பயப்படும் பாடம். செத்தவரின் வீட்டாரிடம் பேசுவது. அதற்கென்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாடகக் குழுவிலிருந்து ஒரு நடிகையை வரவழைப்பார்கள். இல்லாத விமானம், நடக்காத விபத்து, பொய்யான விதவை.

"தலைவலின்னு சொன்னார்" என்று அவள் தொடர்ந்தாள். "எப்பப் பாத்தாலும் அதே தலைவலி. வேலை முடிஞ்சு வந்தா ஒரு வார்த்தை பேசமாட்டார். லைட்டை அணைச்சிட்டுச் சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவார். நண்பர்களோட ஊர் சுத்தற நாள்ல மட்டும் ஒரு வலியும் இருக்காது. அன்னைக்கு எனக்குப் பொறுக்கலை. வாயில வந்ததையெல்லாம் கொட்டிட்டேன். எங்கிட்ட நடிக்காதீங்கன்னு சொன்னேன். அவர் பதிலே பேசலை. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்."

கண்ணாடி மாணவன் விழித்தான். அவனுக்குக் கொடுத்திருந்த அடுத்த கேள்வி, 'என்ன சாப்பிட்டார்?' அது எழுதியிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"அப்புறம் ஆஸ்பத்திரியில துணியை விலக்கிக் காட்டினாங்க. கன்னம் ரெண்டும் ரோஜாப்பூ மாதிரி செவந்து கிடந்தது. கல்யாணத்தன்னைக்குக்கூட அந்த மனுஷன் முகத்துல அப்படி ஒரு களை இருந்ததில்லை. என்னைத் திட்டத்தான் எழுந்திரிக்கப் போறார்னு நெனச்சேன்."

மேசைமேல் இருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மாணவன் அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைத் தொடவில்லை.

"தம்பி, நீங்க இதையெல்லாம் படிச்சவங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வீட்டுல போட்ட சண்டையால ஒரு விமானம் கீழ விழுமா?"

அவள் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே போனாள்.

வகுப்பு முழுவதும் கைதட்டியது.

"அக்கா, என்னா நடிப்பு! புல்லரிச்சுப் போச்சு!" என்றான் கண்ணாடி.

பெல்ட் அக்கா கைதட்டவில்லை. பாதி வயதை வானத்திலேயே கழித்தவள் அவள். 'சீட் பெல்ட்டைப் போடுங்க' என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விமானப் பணிப்பெண் வேலையை விட்டு இங்கே உதவியாளராக வந்த பிறகும் அது உதிரவில்லை. பயத்தை மறைக்கச் சிரிப்பவர்களையும் துக்கத்தை மறைக்கத் தூங்குவதுபோல் படுத்திருப்பவர்களையும் ஜன்னல் சீட்டு வரிசைகளில் ஏராளமாகப் பார்த்தவள். இப்போது பார்த்தது நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாசல் காவல்காரரிடம் விசாரித்துவிட்டு மூத்த ஆசிரியரின் அறைக்குப் போனாள்.

அவரை மாணவர்கள் 'அப்புறம் சார்' என்பார்கள். யாரை விசாரித்தாலும் அவர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். எதிரில் இருப்பவர் எல்லாவற்றையும் கொட்டி முடிக்கும்வரை 'அப்புறம்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பல நாடுகளில் மலை உச்சியிலும் கடல் அடியிலும் விமானங்களைத் தேடியவர். இந்தப் பள்ளிக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது.

"சார், இன்னைக்கு வந்தது நடிகை இல்லை."

"அப்புறம்?"

"நம்ம ஆசாமிகளுக்கு முதுகைக் காட்டி உக்காந்தா. நடிக்கிறவங்க வெளிச்சத்தைத் தேடுவாங்க. அழும்போது கூடுதலாத் தேடுவாங்க. இவ மூஞ்சியை ஒளிச்சுக்கிட்டா."

"கூச்ச சுபாவமா இருக்கலாம்."

"கூச்சப்படற நடிகையா? நீந்தத் தெரியாத மீனைப் பாத்திருக்கீங்களா சார்? சரி, அது போகட்டும். நடிச்சு முடிச்சவங்க போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டே தீருவாங்க. 'எப்படி இருந்துச்சு?' இவ கேக்கலை. அதுக்குப் பதிலா வாசல்ல காவல்காரர்கிட்ட வேற ஒண்ணு கேட்டிருக்கா. உடைஞ்ச விமானம் வெச்சிருக்கிற கொட்டகை எதுன்னு."

அப்புறம் சார் பேனாவை மூடி வைத்தார்.

"என்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

அக்கா சொன்னாள். அவளுக்கு ஞாபகசக்தி அதிகம். எந்த வரிசையில் யார் சைவம் என்று மனப்பாடமாக வைத்திருந்தவள். சிவந்த கன்னம் என்ற இடத்தில் சார் கையை உயர்த்தி நிறுத்தினார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார். அவள் சொன்னாள். அவர் ஜன்னல் வழியாகக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகக் குழு நடிகைக்குப் போன் போட்டபோது, ஓட்டைக் குழாயில் காற்று போவதுபோல் ஒரு குரல் வந்தது.

"தொண்டை கட்டிருச்சு மேடம். எங்களுக்கு உடுப்புத் தைக்கிற பொண்ணு பக்கத்து வீடுதான். நான் போறேன்னு கெஞ்சினா. வசனமெல்லாம் பாடமாச் சொன்னா. தப்பாப் போச்சா?"

"தப்பெல்லாம் இல்லை. அவ வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தார்?"

மறுமுனையில் குரல் இன்னும் இறங்கியது. "சின்ன விமானம் ஓட்டினார். மலையூர்களுக்குப் பேப்பரும் மருந்தும் கொண்டுபோவார். போன குளிர்காலத்துல போயிட்டார். நான்தான் வாய் வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, உங்க பள்ளிக்கூடத்துல நீலக்கோடு போட்ட ஒரு குட்டி விமானம் நொறுங்கிக் கிடக்குது, பசங்க அதைக் குடைஞ்சு குடைஞ்சு படிக்கிறாங்கன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

பெல்ட் அக்கா போனை வைத்தாள்.

கொட்டகையில் இருக்கும் நீலக்கோடு விமானத்தை இந்த வருடம் வந்த எல்லா மாணவர்களும் குடைந்திருக்கிறார்கள். அது கடைசிப் பரீட்சை. அந்தப் பரீட்சைக்கு முன்பிருந்த ஆசிரியர் எழுதி வைத்துவிட்டுப் போன விடையும் உண்டு. இயந்திரத்தில் கோளாறு இல்லை, வானிலை தெளிவு, விமானி குடிக்கவில்லை. ரேடியோவில் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. வளைத்துத் திருப்பப் பார்க்கவும் இல்லை. கோடு போட்டதுபோல் நேரே போய் மலையில் மோதியிருக்கிறார். ஆகவே வேண்டுமென்றே மோதியது. காரணம், குடும்பத் தகராறு.

"அந்த விடையைச் சரியா எழுதினவனுக்கு நான்தான் சார் கைதட்டுவேன்" என்றாள் அக்கா.

"வண்டியை எடு" என்றார் சார்.

*

தையல்காரியின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் தையல் இயந்திரம். அதன்மேல் பாதி தைத்த ராஜா உடுப்பு ஒன்று கிடந்தது. அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் துணி குவிந்திருந்தது. இன்னொன்றில் யாரும் வெகுநாளாக உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

"பிடிக்க வந்தீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"ஆள் மாறாட்டத்துக்கா?" என்றாள் பெல்ட் அக்கா. "உங்களைப் பிடிச்சா, அந்தத் தொண்டை கட்டினவளை ரெண்டு தடவை பிடிக்கணும். வாங்க, உக்காருங்க. உங்க வீட்டுல உங்களையே உக்காரச் சொல்றேன் பாருங்க, பழைய வேலைப் புத்தி."

அவள் இலேசாகச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண் நிறைந்துவிட்டது.

"விபத்து நடந்தப்ப உங்ககிட்ட வந்து யாராவது விசாரிச்சாங்களாம்மா?" என்று கேட்டார் சார்.

"வந்தாங்க. அன்னைக்குச் சண்டை போட்டீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எழுதிக்கிட்டாங்க. வேற எதுவும் கேக்கலை. அடுத்த வாரமே என் மாமியார் பெட்டியைக் கட்டிக்கிட்டு மூத்த மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. எம்புள்ளைய வாயாலயே கொன்னுட்டியேன்னு வாசப்படியில நின்னு சொல்லிட்டுப் போனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார்? தைக்கிறேன், திங்கறேன், தூங்கறேன்."

"அவர்மேல விழுந்த பழியைத் துடைக்கத்தான் எங்ககிட்ட வந்தீங்களா?"

"இல்லை சார்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் யாரையும் காப்பாத்த வரலை. எல்லாரும் முதுகுக்குப் பின்னாடி பேசறாங்க. விவரம் தெரிஞ்ச ஒருத்தராவது என் மூஞ்சிக்கு நேரா, ஆமா, உன்னாலதான்னு சொல்லிடணும். அதுக்குத்தான் வந்தேன். சொல்லிட்டா ஒரு முடிவு வந்திடும்ல?"

பெல்ட் அக்கா துணிக் குவியலை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சார் மட்டும் விடாமல் கேட்டார். தலைவலி எந்த மாதங்களில் வரும்? குளிரில்தான். வெயில் காலத்தில்? ஒருநாளும் வந்ததில்லை. லீவு நாளில்? பறக்காத நாளில் ஆள் குழந்தைபோல் இருப்பார். குளிருக்கு விமானத்தில் என்ன செய்வார்?

"ஹீட்டர் இருக்குன்னு சொல்வார். கால் பக்கத்துல சூடா காத்து வருமாம். கம்பளி போத்தின மாதிரி இருக்கும்னு சொல்வார். ஏன் சார்?"

"நாளைக்குக் காலையில கொட்டகைக்கு வர முடியுமா உங்களால? பாக்கக் கஷ்டமா இருக்கும். வரலைன்னாலும் தப்பில்லை" என்றார் சார்.

"வரேன்" என்றாள் அவள்.

திரும்பும் வழியில் அக்கா வண்டியை ஓட்டியபடி கேட்டாள். "சார், கன்னம் செவந்ததை வெச்சுத்தானே சந்தேகப்படறீங்க? எரியற புகையில இருக்கிற விஷவாயு. எங்க டிரெயினிங்கிலயே சொல்லிக் குடுத்தாங்க."

"குளிர்ல கிடந்த உடம்பும் செவக்கும். கன்னத்தை மட்டும் நம்பி நான் வாயைத் திறக்க மாட்டேன். ரத்தத்துல சாராயம் இருக்கான்னு மட்டும்தான் அன்னைக்குப் பாத்திருக்காங்க. வேற எதையும் தேடலை."

"நேரே போய் மோதினது?"

"சாகணும்னு நெனக்கிறவனும் நேராப் போவான். தூங்கிப்போனவனும் நேராப் போவான். விமானத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."



*

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தபோது மாணவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். விபத்து விசாரணை அலுவலகத்தில் சார் ஏற்கெனவே பேசி அனுமதி வாங்கியிருந்தார். அங்கிருந்து ஓர் அதிகாரியும் கேமராவோடு நின்றார்.

தையல்காரி உள்ளே வந்தாள். நீலக்கோட்டின் அருகில் போய் நின்றாள். மூக்குப் பகுதி நசுங்கி, ஓர் இறக்கை தனியாகக் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. அவள் கையை நீட்டி, தொடலாமா என்பதுபோல் பார்த்தாள். கண்ணாடி மாணவன் பதறிப்போய் வழிவிட்டான். நேற்று யாருக்குக் கைதட்டினோம் என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது.

"இறக்கையைப் பாத்தீங்க. கம்பிகளைப் பாத்தீங்க. சக்கரத்தைக்கூட எண்ணினீங்க" என்றார் சார் மாணவர்களிடம். "இந்த ஹீட்டரைத் திறந்தது யாரு?"

ஒரு கையும் உயரவில்லை.

எஞ்சினிலிருந்து புகை போகும் குழாய் கொதிக்கும். அதைச் சுற்றி ஒரு தகரச் சட்டை போட்டு, நடுவில் காற்றை ஓடவிட்டால் காற்று சூடாகும். அதுதான் இந்த விமானத்தின் ஹீட்டர். மோதியதில் தகரச் சட்டை நசுங்கிக் குழாயோடு ஒட்டிக் கிடந்ததால், அதைக் கழற்றுவதற்கு யாரும் மெனக்கெடவில்லை. கண்ணாடி மாணவனே திருப்புளியை எடுத்தான். ஒவ்வொரு திருகாகக் கழற்ற, அதிகாரி படம் எடுத்துக்கொண்டே வந்தார்.

தகரம் விலகியது. குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

"மோதினதுல உடைஞ்சிருக்கும் சார்" என்றார் அதிகாரி.

"அப்படின்னா உடைஞ்ச ஓரம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளக்கணும். பக்கத்துல வந்து பாருங்க."

ஓரம் கறுப்பாக இருந்தது. தகரச் சட்டையின் உட்புறம் முழுவதும் அடுப்படிச் சுவர்போல் கரி. விழுந்தபின் எஞ்சின் ஓடவில்லை. ஓடாத எஞ்சின் கரியைக் கக்காது. ஆக, இந்த விரிசல் ஒருநாளில் வந்ததில்லை. பல வாரமாக இதன் வழியாகப் புகை கசிந்து, சூடான காற்றோடு கலந்து, விமானியின் கால்மாட்டில் வந்திருக்கிறது.

சார் தையல்காரியின் பக்கம் திரும்பினார். மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் குரலை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்போல் பேசினார்.

"அம்மா, இந்தப் புகையில ஒரு வாயு இருக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா முதல்ல வேற ஒண்ணும் தெரியாது. நிறைய போனா தூக்கம் வரும். அவர் தூங்கிட்டார். மலையைப் பாத்திருக்கவே மாட்டார். நீங்க கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். சண்டையால எந்த விமானமும் விழாது. இதுவும் விழலை. நான் எழுத்துல குடுக்கறேன். இவங்க ஆபீசும் குடுக்கும்."

கொட்டகையில் யாரோ மூச்சை விட்டார்கள். பெல்ட் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முடிந்தது, இனி இவள் நிம்மதியாக அழட்டும் என்று நினைத்தாள்.

தையல்காரி அழவில்லை. விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா முதல்ல வேற ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்களே சார். வேற ஒண்ணும்னா?"

எத்தனையோ பேரைப் பேச வைத்தவர் தரையைப் பார்த்தார்.

"தலைவலி" என்றாள் அவளே. "தலைவலி வரும். அதானே?"

"ஆமாம்மா."

"அப்ப அவர் நடிக்கலை."

அவள் சுவரில் சாய்ந்திருந்த இறக்கையின் பக்கம் நகர்ந்தாள்.

"எத்தனை தடவை சொன்னார் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் என்னைப் பாத்தாத்தான் உங்களுக்குத் தலை வலிக்குமான்னு கேட்டேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன்னா..." அவள் முறிந்த இறக்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அழுகை வந்தது. சத்தமில்லாத, வெகுநேரம் நீடித்த அழுகை.

பெல்ட் அக்காவும் தரையில் உட்கார்ந்தாள். 'உங்களுக்கு எப்படித் தெரியும், டாக்டருக்கே தெரிஞ்சிருக்காது' என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு இப்போது அது வெறும் காற்று. ஆகவே தோளை மட்டும் கொடுத்தாள்.

சார் மெல்லக் குனிந்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா. அவசரமா ஒண்ணு கேக்கணும். அந்தக் கம்பெனிக்கு வேற விமானம் இருக்கா?"

அவள் தலையைத் தூக்கினாள். "இருக்கு. பச்சைக்கோடு. இவரோட பழகினவர்தான் ஓட்டறார். ரெண்டையும் ஒரே நாள்லதான் வாங்கினாங்க."

வெளியே குளிர். ஒரு வாரமாகவே குளிர்தான்.

அதிகாரி கம்பெனிக்குப் போன் செய்தார். மேலாளர் ஏதோ முணுமுணுத்தார். மருந்துப் பெட்டிகள் காத்திருக்கின்றன, இப்போது நிறுத்தினால் யார் பதில் சொல்வது என்றார். அதிகாரி குரலை உயர்த்த வேண்டியிருந்தது. கடைசியில் விமானியே பேசினார். அப்போதுதான் கிளம்பத் தயாராகி, ஏணியில் கால் வைத்திருந்தாராம். ஒலிபெருக்கியில் அவர் குரல் கொட்டகை முழுவதும் கேட்டது.

"ஹீட்டரா? நல்லாத்தானே வேலை செய்யுது சார். எனக்குத்தான் கொஞ்ச நாளாத் தலைவலி. கண்ணாடி மாத்தணும்போல."

"இறங்குங்க" என்றார் அப்புறம் சார். "இறங்கி, நல்ல காத்துல போய் நில்லுங்க. அந்த விமானம் இன்னைக்கு எங்கயும் போகாது."

போனை வைத்தபின் அதிகாரி பச்சைக்கோட்டைச் சோதிக்க ஆள் அனுப்ப ஓடினார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். கண்ணாடி மாணவன் மட்டும், கழற்றிய திருகுகளைத் தன் கைக்குட்டையில் பத்திரமாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

தையல்காரி எழுந்தாள். சேலை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பச்சைக்கோடு ஓட்டறவருக்குக் கல்யாணம் ஆயிருச்சு. எனக்குத் தெரியும்" என்றாள். "அந்தப் பொண்ணோட நம்பர் வாங்கிக் குடுக்கறீங்களா?"

"எதுக்கும்மா?" என்றாள் பெல்ட் அக்கா.

"பேசணும்."

நம்பர் கிடைத்தது. அக்கா தன் போனிலேயே அழைத்து அவள் கையில் கொடுத்தாள். மணி நெடுநேரம் அடித்தது. பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல், அடுப்பு வேலையின் நடுவில் எடுத்ததுபோல், "யாரு?" என்றது.

"என்னை உனக்குத் தெரியாதும்மா" என்றாள் தையல்காரி. "நீலக்கோடு ஓட்டினாரே, அவர் சம்சாரம்."

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"உன் வீட்டுக்காரர் நல்லா இருக்கார், பயப்படாதே. இப்பத்தான் பேசினார், நானே கேட்டேன். இன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்கு வந்திடுவார். வந்ததும் சண்டை கிண்டை எதுவா இருந்தாலும் ஒரு ஓரமா வை. நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ." அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தலை வலிக்குதுன்னு சொல்வார்ம்மா. நம்பு."

பதில் கேட்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.